வெளி யூனிட்டுக்குத் தைத்த சட்டை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் மகன் எழுதிக்கொள்வது. வணக்கம். நான் நலம், கடை இப்போதைக்கு நலம். அத்தை நலமாக இருப்பார், நேற்று முன்தினம்தான் பார்த்தேன். நீங்களும் வியர்வை அடங்கி நலமாக இருப்பீர்கள். அடங்கியதற்குக் காரணம் நான்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சங்கத்தில் எழுத்தில் வந்தால்தான் பதிவாகும் என்பீர்கள். ஆகவே எழுத்தில்.

வாட்ச்மேனிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய சீட்டு வந்து சேர்ந்தது. கீழே குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்று முத்திரை வேறு. சொந்த மருமகனுக்கு முத்திரை குத்திச் சீட்டு அனுப்புகிற மனிதர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். நான் மூன்று முறை வந்து சர்வீஸ் செய்தும், நான் படி இறங்கிய கையோடு உங்கள் படுக்கையறை ஏசி குளிர்வதை நிறுத்திவிடுகிறதாம். வேறொரு கடைக்காரர் என் கட்டணத்தில் பாதிக்குச் செய்கிறாராம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், கட்டடத்து ஏசிகள் எல்லாவற்றையும் ஒரு வருடம் பராமரிக்கும் வேலையை எனக்குத் தர வேண்டாம் என்று நீங்களே எழுந்து சொல்லப் போகிறீர்களாம். ‘சொந்தம் என்று பார்க்க மாட்டேன்’ என்பதற்கு அடிக்கோடு. பார்க்க வேண்டாம் மாமா. மெஷினைப் பாருங்கள், போதும். அந்த வேலை வராவிட்டால் நான் கடையை மூட வேண்டியதுதான். என் பார்ட்னர் இப்போதே அவனுடைய மாமனார் கடையில் உட்காருவதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறான். புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. எதில் கை வைக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கட்டணம். பாதி விலைக்காரர் என்ன செய்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர் பார்த்துவிட்டுப் போன ஏசிகளை மறு மாதம் நான்தான் பார்க்கிறேன். முன்மூடியைத் திறப்பார், ஃபில்டரை உருவுவார், உங்கள் குளியலறையில் உங்கள் தண்ணீரில் அலசுவார், உங்கள் துண்டிலேயே துடைப்பார், மாட்டுவார், டீ குடிப்பார், போவார். அதற்குப் பாதி விலை என்பதே அநியாயம். பல் தேய்க்கத் தெரிந்த யாரும் ஃபில்டரைக் கழுவலாம். நான் அதற்குப் பின்னால் இருக்கும், காற்றைக் குளிர வைக்கும் காயிலைக் கழுவுகிறேன். சுற்றிலும் தார்ப்பாய்ப் பை கட்டி, சுவரில் ஒரு சொட்டுத் தெறிக்காமல், தாளை விட மெல்லிசான அந்த அலுமினியத் தகடுகளில் ஒன்று கூட மடங்காமல் பம்ப்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்சி அடிப்பது ஒரு வேலை மாமா, அதற்கு இரண்டு ஆள் வேண்டும், மருந்து வேண்டும், முக்கியமாகப் பொறுமை வேண்டும். வேறு எதிலும் எனக்குப் பொறுமை கிடையாது என்று அப்பா சொல்வது உண்மைதான், இருக்கிற கொஞ்சத்தையும் காயிலில் செலவழித்துவிடுகிறேன். முதல் முறை பையில் இறங்கிய கறுப்புத் தண்ணீரை உங்களிடம் காட்டினேன். “இது எங்க வீட்டு அழுக்கே இல்ல, நீ வரும்போதே கொண்டு வந்திருப்ப” என்றீர்கள். அந்த அழுக்கு வழியாக வந்த காற்றைத்தான் ஒரு வருடமாகச் சுவாசித்துக்கொண்டிருந்தீர்கள். அதோடு நாம் இருப்பது கடலோரம். வருடத்துக்கு ஒரு தடவை போதும் என்று மெஷினோடு வரும் புத்தகத்தில் இருப்பது இங்கே செல்லாது. காலையில் துடைத்த பால்கனிக் கம்பியை மாலையில் நக்கிப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேண்டாம், நக்காதீர்கள், துருவும் இருக்கிறது.

அப்புறம் காஸ். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் “காஸ் கம்மியா இருக்கு சார்” என்று சொல்லி நிரப்பிக் காசு வாங்கியிருக்கிறார்கள். அது அடுப்பு காஸ் இல்லை, சமைக்கச் சமைக்கத் தீர்ந்துபோவதற்கு. எங்காவது கசிந்தால் ஒழிய அது குறையவே குறையாது. உங்கள் மெஷினில் கசிவு இல்லை, ஒவ்வொரு மூட்டாக நான் பார்த்துவிட்டேன். அவர்கள் அதிகமாகத் திணித்து வைத்திருந்ததை நான்தான் வெளியே எடுத்தேன். அதற்கு நன்றி வரும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

“நிரப்பினதுக்கு நான் காசு குடுத்திருக்கேன்” என்றீர்கள்.

“ஆமா மாமா.”

“அதை இப்ப நீ எடுத்துக்கிட்ட.”

“ஆமா.”

“அப்ப நீதானே எனக்குத் தரணும்?”

நான் கருவிப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று முறையும் நான் இருக்கிற வரையில் உங்கள் ஏசி ராஜா மாதிரி ஓடியது. அத்தை போர்வையைத் தேடினார். நீங்கள் கூட ஒரு தடவை தும்மினீர்கள், நான் சாட்சி. நான் வண்டியை எடுத்துக் கடைக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் போன்: “நின்னு போச்சுடா. நீ இருக்கிற வரைக்கும் நல்லா நடிக்குது.” கரண்ட் பார்த்தேன், வோல்டேஜ் பார்த்தேன், போர்டைக் கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. படித்துப் பட்டயம் வாங்கியவன் மாமா நான், ஒரு பெட்டி எனக்கு மட்டும் மரியாதை கொடுக்கிறது என்று நம்ப முடியுமா? பார்ட்னர் நம்பினான். “உன் மேல அதுக்குப் பாசம்டா, பேசாம அங்கேயே குடி போயிடு” என்றான்.

உங்கள் சீட்டைப் படித்த ஆத்திரத்தில் மறுநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேன். நீங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு இருந்தீர்கள். நேரே பால்கனிக்குப் போனேன். வெளி யூனிட்டைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூப்போட்ட மூட்டை நின்றுகொண்டிருந்தது. நல்ல தடித்த துணி, உள்ளே இன்னொரு மடிப்பு, ஓரம் முழுக்கப் பட்டைத் தையல், குழாய் நுழைவதற்கு அளவெடுத்து வெட்டிய கை, பக்கவாட்டில் வரிசையாகப் பொத்தான். ஒவ்வொரு முறை வரும்போதும் பால்கனிக் கொடியில் இந்தத் துணி சொட்டச் சொட்டக் காய்ந்துகொண்டிருக்கும். சோபா உறை என்று நினைத்திருந்தேன்.

“அத்தை, என்ன இது?”

“சட்டைடா.”

“யாருக்கு?”

“மெஷினுக்குத்தான். உங்க மாமாவுக்கு எங்க பூப்போட்டதெல்லாம் பிடிக்குது?”

மெஷினை மாட்டிவிட்டுப் போன ஆள், வெளியே இருப்பதை உப்புக் காற்று அரித்துவிடும், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்லிவிட்டுப் போனானாம். அத்தை பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டில் மிக்சிக்கு உறை, டிவிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குக் கூட உறை. உறை இல்லாமல் நடமாடுவது நீங்கள் ஒருவர்தான். வெளி யூனிட்டை மட்டும் அம்மணமாக விட்டுவிடுவாரா?

“எப்பவுமே இது போட்டுத்தான் இருக்குமா அத்தை?”

“ராத்திரி பகல் எப்பவும். ஆள் வர்ற அன்னைக்கு மட்டும் கழட்டித் துவைச்சுப் போட்டுடுவேன். நாலு பேர் வந்து பார்க்கிற இடத்துல அழுக்குத் துணியோட நிக்க வைக்க முடியுமா?”

“அது காத்து விடணுமே அத்தை.”

“அது எனக்குத் தெரியாதா? இதோ, வலை வெச்சிருக்கேன் பாரு. மூச்சு முட்டிடக் கூடாதுன்னு.”

வைத்திருக்கிறார். டம்ளர் மூடி அளவுக்கு. சுற்றிலும் சரிகை.

இனி நடந்தது என்ன என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை மாமா, அறையில் இருக்கிற சூட்டை அள்ளிக் கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது, கொட்டுகிற இடம் அந்த வெளி யூனிட். அதற்குக் கம்பளி போர்த்தினால் சூடு உள்ளேயே சுற்றும், அழுத்தம் ஏறும், வெடித்துவிடக் கூடாதே என்று கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும், உங்களுக்கு வெறும் ஃபேன் காற்று வரும். ஆள் வருகிற நாளில் சட்டை கொடிக்குப் போகும், மெஷின் ஓடும். ஆள் போனதும் சட்டை ஏறும், மெஷின் நிற்கும். இதற்குத்தான் ஒருவர் காஸ் ஊற்றினார், இன்னொருவர் மேலும் ஊற்றிவிட்டு, புது மெஷினே வாங்கிவிடுங்கள் என்றார். நான் பொத்தானைக் கழற்றினேன். ஓடியது. மாட்டிப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் நின்றது. ஆறவிட்டு மறுபடி கழற்றினேன், ஓடியது. “என்னடா, போட்டுப் போட்டுக் கழட்டற, குழந்தையா அது?” என்றார் அத்தை. விளக்க ஆரம்பித்தால் ஏடாகூடமாக ஏதாவது வந்துவிடும். “இதை நான் எடுத்துட்டுப் போறேன் அத்தை” என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து உங்கள் ஏசி நிற்கவில்லை. என்னவோ தானாகச் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

ஆகவே செயலாளர் அவர்களே, இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வரி விடாமல் படிக்க வேண்டும். ‘அந்தப் பையன் வேலை சரியில்லை’ என்று மாடிப்படியில் பேசிய அத்தனை பேரும் கேட்க வேண்டும். சட்டையை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்புகிறேன், மேசை மேல் விரித்து, பொத்தானோடும் வலையோடும் எல்லோருக்கும் காட்டுங்கள். என் வேலையில் குறை இல்லை. கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையாது. என்னை மாதிரிக் கோளாறைத் தேடிப் பிடிக்கிறவன் பாதி விலைக்குக் கிடைத்தால் சொல்லுங்கள், நானே அவனிடம் வேலைக்குச் சேர்கிறேன்.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏசியை இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள். அத்தைக்கு என் வணக்கங்கள். உங்கள் ஆசி எனக்கு வேண்டும், சங்கத்தின் வேலையும் வேண்டும்.

இப்படிக்கு,
சொந்தம் என்று பார்க்க வேண்டாத
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: படிக்காதீர்கள். கூட்டத்தில் இதைப் படிக்கவே படிக்காதீர்கள்.

இந்தக் கடித உறையை ஒட்டப் போகும்போது அத்தை கடைக்கு வந்தார். இந்த வெயிலில், பஸ் பிடித்து. “அன்னைக்கு ஒண்ணுமே சொல்லாம அதை எடுத்துட்டுப் போனியே, உனக்கு அது பிடிச்சுப் போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்” என்று பையிலிருந்து ஒன்றை எடுத்து விரித்தார். என் பம்ப்புக்குச் சட்டை. நீல நிறம், ஹோஸ் வருவதற்குக் கை, முன்னால் கடையின் பெயர் சிவப்பு நூலில். இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தாராம். பார்ட்னரிடம், “எத்தனையோ பேர் வந்து பார்த்தாங்க தம்பி, எங்க பிள்ளை வந்ததும் மெஷின் சரியாயிடுச்சு. பஸ்ல பக்கத்துல உட்கார்ந்திருந்த பொண்ணுகிட்டக் கூடச் சொன்னேன்” என்றார். பார்ட்னர் என்னைப் பார்த்தான். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் கேட்டால், பையன் முதல் மூன்று முறை சரியாகப் பார்க்கவில்லை, நான்காவது முறை வந்து சரி செய்துவிட்டான் என்று சொல்லுங்கள். பொய்தான். என் தொழிலுக்கு இதை விடக் கேவலமான பொய் இல்லை. சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும், நாற்பது வீட்டுக்காரர்கள் அந்தத் தையலைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பூப்போட்ட சட்டை என்னிடமே இருக்கும், திருப்பித் தர மாட்டேன். அத்தை இன்னொன்று தைக்க உட்கார்ந்தால் எனக்கு உடனே போன் செய்யுங்கள், துணி வெட்டுவதற்குள் வந்துவிடுகிறேன்.

பம்ப்பு இப்போது நீலச் சட்டையோடுதான் நிற்கிறது. ஓடாத நேரத்தில் போடலாம். தொழில்நுட்ப ரீதியாக அதில் தவறொன்றும் இல்லை.