பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர்களும் மாப்பிள்ளையின் பிட்காயினும்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
செவ்வாய்க்கிழமை, காலை 10.20

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை ரொனால்டு அவர்களுக்கு, உங்கள் மாமனார் ராயப்பராஜ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உங்கள் அத்தை ஆனந்தமேரியும் இங்கே சுகம்தான். என் இடது முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. பெங்களூரில் நீங்களும் மகள் ஐரினும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவிடம் தினமும் வேண்டிக்கொள்கிறோம். குழந்தைக்குச் சளி விட்டுவிட்டதா? அங்கேயுள்ள குளிரில் காதை மூடாமல் வெளியே தூக்கிப் போக வேண்டாம் என்று அத்தை எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் உங்கள் செல்போன் வாஷிங் மெஷினில் போய், அதற்குள் இருந்த கிரிப்டோ கணக்கும் துவைபட்டுப் போனதும், என்னிடம் கொடுத்து வைத்த பன்னிரண்டு வார்த்தைகளைக் கேட்டீர்கள். "எடுத்து வைக்கிறேன் மாப்பிள்ளை" என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுத்த நாளும் கேட்டீர்கள். அதற்கப்புறம் நீங்கள் கேட்கவே இல்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு இருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. உங்கள் ஆறு வருடச் சேமிப்பு அது. அதை எடுத்தால்தான் வத்தலக்குண்டு ரோட்டில் பேசி வைத்திருக்கும் வீட்டை அடுத்த மாதம் இருபதாம் தேதி பத்திரம் பண்ண முடியும். பண்ணினால்தான் நீங்கள் மூன்று பேரும் ஊரோடு வந்து சேருவீர்கள். அத்தை தொட்டில் கட்ட உத்தரம்கூடப் பார்த்துவிட்டாள். அதெல்லாம் என் ஒருவனால் கெட்டுப்போகுமோ என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வார்த்தைகள் என்னிடம் இல்லாமல் இருந்தன. இப்போது இருக்கின்றன. நடுவில் நடந்தது என்ன என்பதைப் பெரிய மனதோடு படிக்கவும்.

போன வருடம் கிறிஸ்துமஸ் அன்று, மதியம் சாப்பிட்டுவிட்டு என்னை மாடிக்குத் தனியாகக் கூட்டிப்போய் அந்தக் காகிதத்தைக் கொடுத்தீர்கள். "மாமா, இந்தப் பன்னெண்டு வார்த்தையும் வரிசையா யாருக்குத் தெரியுதோ, பணம் அவங்களோடது. போட்டோ எடுக்கக் கூடாது, கம்ப்யூட்டர்ல ஏத்தக் கூடாது, போன்ல பேசக் கூடாது. காகிதம் நனைஞ்சா போச்சு, எரிஞ்சா போச்சு. வெளிநாட்டுல எல்லாம் இரும்புத் தகட்டுல வெட்டி வைக்கிறாங்க" என்றீர்கள். முப்பத்தோரு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவன் நான். ஒரு பொறுப்பை என்னிடம் கொடுத்தால் அது கொடுத்தபடி நடக்கும். மறுநாள் காலை 9.40க்கு அஸ்பாக் பாயின் பாத்திரக் கடையில் நின்றேன்.

என் யோசனையில் தவறு இருந்தால் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பேர் வெட்டாத பாத்திரம் ஒரு வீட்டிலும் கிடையாது. எத்தனை விசேஷத்துக்கு இரவல் போனாலும், யார் வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாலும், பேர் வெட்டின பாத்திரம் சொந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எந்த பேங்கில் இருக்கிறது? ஆகவே நல்ல கனமான எவர்சில்வர் டம்ளர் பன்னிரண்டு வாங்கி, டம்ளருக்கு ஒரு வார்த்தையாக வெட்டச் சொன்னேன். அடியில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பரும் போடச் சொன்னேன். அஸ்பாக் பாய் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் ராயப்பண்ணே, உங்க குடும்பத்துல யாருக்கு இப்படிப் பேரு வச்சீக?" என்றார். அவர் காட்டிய வார்த்தையைப் பாதுகாப்புக் கருதி இங்கே எழுதவில்லை. நான்கு கால், நீளமான காது, பொதி சுமக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டம்ளர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, காகிதத்தை மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியில் கொளுத்தினேன். டம்ளர்களைப் பழைய பேப்பரில் சுற்றி பீரோவில் வைத்து நம் ஊர்ப் பூட்டைப் போட்டேன். அந்தப் பூட்டை எந்தத் திருடனாலும் திறக்க முடியாது. அத்தையால் முடிந்தது. ஏனென்றால் சாவி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

பேத்தியின் ஞானஸ்நான விருந்து உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நூற்றெண்பது பேர் சாப்பிட்டும், பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த பருப்புத் தால்சா ஒரு அண்டா மிஞ்சியது. ஊருக்குக் கிளம்புகிற விருந்தாளிகளை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் நம் வீட்டில் கிடையாது. நான் அந்த நேரம் மண்டப வாசலில் வண்டிகளைக் கிளம்பும் நேரப்படி வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தேன். தூக்குவாளி எல்லாம் தீர்ந்ததும் அத்தை வீட்டுக்கு ஓடி, பீரோவைத் திறந்து, பன்னிரண்டு டம்ளரையும் எடுத்துவந்து, தால்சாவை ஊற்றி, வாய்க்கு வாழையிலை வைத்து நூல் கட்டி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அதில் இரண்டை நீங்களே உங்கள் கையால் எடுத்துக் கொடுத்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை மாப்பிள்ளை, தகவலுக்காக எழுதுகிறேன்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது உங்கள் போன் துவைபட்ட அன்றுதான். பீரோவைத் திறந்தால் பழைய பேப்பர் மட்டும் இருக்கிறது. "மேரி, இங்க இருந்த டம்ளர் எங்க?" என்றேன். "அதுவா? தால்சா ஊத்திக் குடுத்தேன்ல." "எத்தனை?" "பன்னெண்டையுந்தான். ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கேட்டுவிட்டு அவள் பீரோவைச் சாத்தினாள். அப்புறம், "அதான் பேர் வெட்டியிருக்குல்ல, தானா வந்துரும்" என்றாள். யார் பேர் வெட்டியிருக்கிறது மாப்பிள்ளை? ராயப்பராஜ் என்றா வெட்டியிருக்கிறது? அது யார் வீட்டு டம்ளர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த நிமிடம்தான் என் ஏற்பாட்டில் இருந்த சின்ன ஓட்டை எனக்குத் தெரிந்தது.

அத்தை யார் யாருக்குக் கொடுத்தாள் என்று பட்டியல் போட்டேன். எந்த பஸ்ஸில் போய் எந்த பஸ்ஸில் திரும்புவது என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன். டவுனுக்குள் ஆறு டம்ளர். அவை மூன்று நாளில் வந்துவிட்டன. ஆனால் ஒருவரும் காலி டம்ளரைத் தரவில்லை. திருப்பிக் கொடுக்கிற பாத்திரத்தில் ஏதாவது போட்டுத்தானே கொடுப்பார்கள். ஒரு டம்ளரில் சீனி, ஒன்றில் உளுந்து, ஒன்றில் கடைந்த மோர். மோர் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்த கதையை நேரில் சொல்கிறேன்.

செம்பட்டியில் இருக்கும் உடையப்பன் என்னோடு வேலை பார்த்த டிரைவர். இப்போது இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறான். நம் டம்ளர்தான் அங்கே பால் அளக்கும் டம்ளர். அதில் உள்ள வார்த்தையைச் சொல்ல மாட்டேன். மஞ்சளாக இருக்கும், பிரியாணிக்குப் பிழிவோம், அவ்வளவுதான். உடையப்பன், "ஒன் டம்ளரை நீ எடுத்துட்டுப் போப்பா" என்று உடனே கொடுத்துவிட்டான். பால் வாங்க நின்ற பெண்கள்தான் விடவில்லை. நம் டம்ளர் சாதா டம்ளரைவிடப் பெரிது. "ஆறு மாசமா இதுலதான் அளக்குறாரு. இப்ப வந்து டம்ளரை மாத்தி எங்களை ஏமாத்தப் பாக்குறீகளா?" என்று ஒரு அம்மா என் சட்டையைப் பிடித்துவிட்டார். பக்கத்துக் கடையில் அதே கொள்ளளவில் ஒரு டம்ளர் வாங்கி, அவர்கள் கண்முன்னால் தண்ணீர் ஊற்றி அளந்து காட்டிய பிறகுதான் நம் டம்ளர் என் கைக்கு வந்தது. அதற்குள் 12.10 பஸ் போய்விட்டது.

குஜிலியம்பாறையில் என் பழைய சிநேகிதர் மகள் சண்முகவள்ளி வீட்டுக்குப் போன இரண்டில் ஒன்று அடுப்படியிலேயே இருந்தது. இன்னொன்று தோட்டத்தில் இருந்தது. போர் போட்டுத் தண்ணீர் வராத குழாய்க்கு அதைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல இறுகிப் பிடித்துக்கொண்டது. நானும் சண்முகவள்ளி புருஷனும் ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்தோம். வந்தது. நான்தான் பின்னால் இருந்த ஆட்டுத் தொட்டியில் விழுந்தேன். முழங்கால் விவகாரம் அங்கே ஆரம்பித்ததுதான். "ஒரு டம்ளருக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று அந்தப் பிள்ளை கண் கலங்கிவிட்டது. பென்ஷன் நின்றுவிட்டதா என்று புருஷனிடம் மெதுவாகக் கேட்டதும் என் காதில் விழுந்தது. என்ன சொல்வது? ரகசியமாயிற்றே. தலையை ஆட்டிவைத்தேன். கிளம்பும்போது இரண்டு படி துவரையும் ஐந்நூறு ரூபாயும் கொடுத்தார்கள். ரூபாயைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

பாலசமுத்திரம் டம்ளர் இன்னும் மோசம். அங்கே இருக்கும் நம் பழைய கண்டக்டர் அன்புமணி அதைப் புது டம்ளர் என்று நினைத்து, ஜிகினாப் பேப்பர் சுற்றி, அங்கே ஒரு காதுகுத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டுக்காரர்களை எனக்கு முன்பின் தெரியாது. போய் நின்றதும், "ஏனுங்க, கொடுத்த சீரைத் திருப்பிக் கேக்கறதுக்கு ஆள் அனுப்புவாங்களாங்க? எங்கீங்க இருக்குது இந்த வழக்கம்?" என்று மரியாதையாகவே கேட்டார்கள். அதுதான் அதிகமாக வலித்தது. டம்ளருக்குப் பதிலாக ஒரு குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்து மீட்டேன்.

பதினோராவதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஞாயிறு பூசையில் முழங்காலில் நிற்கும்போது நிமிர்ந்து பார்க்கிறேன், அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் இருக்கிறது. கோயில் உபதேசியார் பாக்கியராஜ் அதில் சம்பங்கி வைத்திருக்கிறார். நீளமான காது, பொதி சுமக்கும் என்று சொன்னேனே, அந்த வார்த்தை சபையைப் பார்த்துப் பளபளவென்று நிற்கிறது. ஆறு மாதமாக ஊரே அதைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறது. உபதேசியார், "யாரோ நேர்த்திக்கடனுக்குச் செஞ்சதுன்னு நெனச்சேன் சார்" என்றார்.

பன்னிரண்டாவதை அன்று இருட்டும்வரை வீடு வீடாகத் தேடினேன். வாங்கிப்போனவர்கள் அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சத்தியம் பண்ணினார்கள். நேற்றுக் காலை 7.05க்குச் சவரம் பண்ணும்போது பிரஷ்ஷை எதில் முக்குகிறேன் என்று குனிந்து பார்த்தேன். வேறொன்றும் எழுத விரும்பவில்லை.

ஆக, பன்னிரண்டு டம்ளர்களும் என் முன்னால் வரிசையாக நிற்கின்றன. வரும் வியாழக்கிழமை காலை 6.15 பஸ்ஸில் அவற்றை நானே எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு வருகிறேன். இனி யாரையும் நம்பப் போவதில்லை. ஆறு வருட உழைப்பை என்னை நம்பிக் கொடுத்த உங்களை இரண்டு வாரம் தவிக்க விட்டதற்கு வயதைப் பார்க்காமல் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மூவர் தலைமேலும் மாதாவின் கரம் எப்போதும் இருக்கட்டும். பேத்திக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
ச. ராயப்பராஜ்
(ஓய்வு பெற்ற டைம்கீப்பர்)

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு முடித்ததும், 11.35க்கு ஒரு போன் வந்தது. கிரிப்டோ கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் இருந்து பிரபு என்று ஒரு தம்பி பேசினார். நாடு முழுவதும் திருட்டு நடக்கிறதாம். நம் பன்னிரண்டு வார்த்தைகளும் பத்திரமாக இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டுமாம். நான் உடனே சொல்லிவிடவில்லை. "நீங்க கம்பெனி ஆளுதான்னு நான் எப்படி நம்புறது?" என்று மடக்கினேன். "கம்பெனி ஆளா இல்லாட்டி மொத்தம் பன்னெண்டு வார்த்தைன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றார். நியாயமாகப் பட்டது. ஒவ்வொரு டம்ளராக எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, நம்பர் வரிசைப்படி நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். பாதியில் நான் தண்ணீர் குடிக்கப் போனபோதுகூடப் பொறுமையாகக் காத்திருந்தார். "உங்களை வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன் சார்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். இந்தக் காலத்தில் இவ்வளவு கடமை உணர்ச்சி உள்ள பிள்ளைகள் இருப்பது சந்தோஷம். கம்பெனியே சரிபார்த்துவிட்டதால் நான் அவசரமாகப் பெங்களூர் வரத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். பின்குறிப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். அஸ்பாக் பாய் பேர் வெட்டும் நோட்டில் இவர் எழுதிக் கொடுத்திருந்ததை நான் மறுநாளே போய்ப் பார்த்து ஐரினுக்குப் படித்துக் காட்டியதும், நீங்கள் பணத்தை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டதும் இவருக்கு இன்னும் தெரியாது. போன் பண்ணின பயல் படித்ததை வைத்துக்கொண்டு திண்டாடட்டும். கேட்டால் நீங்களும் ஒன்றும் தெரியாதது போலவே இருங்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற மூன்று வருடமாக இவர் காலையில் எழுந்தால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பேச்சே கிடையாது. எனக்குப் பயமாக இருக்கும். இந்த இரண்டு வாரமாக நாலு மணிக்கே எழுந்து குளித்து, பஸ் பிடித்து, ஊர் ஊராகப் போய், சண்டை போட்டு, பசியோடு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுகிறார். சோறு இறங்கவில்லை என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். இதையெல்லாம் பார்த்துவிட்டு எப்படி உண்மையைச் சொல்வேன்? நீங்கள் மூன்று பேரும் சீக்கிரம் வந்து சேருங்கள். அதுவரைக்கும் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள் மாப்பிள்ளை. அடுத்த வாரம் இவருக்குப் போன் போட்டு, இன்னும் ஏதாவது ஒன்று காணாமல் போய்விட்டது என்று சொல்லுங்கள்.