சம்பந்தி வண்டிக்கு நான் வாங்கிய டேங்க்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். நோட்டை எடுப்பேன், 'பெருமாளே, இது தேவையா' என்று மூடி வைத்துவிடுவேன். கேளம்பாக்கத்தில் பாத்திரக் கடை நடத்துகிறேன். கல்யாண வீட்டார் நம்பி வந்து சீர்வரிசை சாமான் எடுக்கும் கடை. இதைப் படித்துவிட்டு, 'இந்த ஆளிடமா அண்டா வாங்கினோம்' என்று யாராவது திருப்பிக்கொண்டு வந்துவிட்டால்? போதாக்குறைக்கு நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இருந்தாலும் இப்போது எழுதித்தான் ஆகவேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. பிறவிக் குணம். கடையில் நின்றால் ஏதாவது ஒன்றைத் துடைப்பேன், அடுக்குவேன், கலைத்து மறுபடி அடுக்குவேன். மூத்த மகள் கலாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த பிறகு கேட்கவே வேண்டாம். ராத்திரி எழுந்து பஞ்சாங்கம் பார்ப்பேன். "ஏங்க, காலைலயும் அதே பஞ்சாங்கம்தான் இருக்கும், படுங்க" என்பாள் என் மனைவி சரோஜா.

கருங்குழியில் ஒரு இடம் கூடி வந்தது. பையன் தங்கமானவன். அவனுக்கும் கலாவுக்கும் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. (எந்த அளவுக்குப் பிடித்தது என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அதுவும் நல்லதுதான்.) பையனின் அப்பா வேதாசலம்தான் சிக்கல். கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் சகுனம் பார்ப்பார். சாதாரணமாக அல்ல. ஏற்கெனவே ஒரு இடத்தில் தட்டு மாற்றப் போகும்போது காரின் டயர் வெடித்ததாம். இறங்கி, கும்பிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாராம். "தடங்கல்னா தடங்கல்தான். சாமி வேணாம்னு சொல்றத நாம மீறக் கூடாது" என்று அவரே எங்களிடம் சொன்னார். கலா முகம் வெளுத்துவிட்டது.

அவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய புல்லட் நின்றது. மேலே சாக்கு போர்த்தியிருந்தது. முதல் தடவை போயிருந்தபோது அதைப் பற்றி மட்டும் மனிதர் மனசு விட்டுப் பேசினார்.

"எங்கப்பா வண்டிங்க. இதுல வந்துதான் எனக்குத் தட்டு மாத்தினாரு. பையனுக்கும் இதுலயே போய் மாத்தணும்னு ஒரு ஆசை. இன்ஜின் நல்லாத்தான் கீது. டேங்குதான் துரு புடிச்சி ஓட்டை விழுந்து போச்சு. எவ்ளோ அடைச்சாலும் ஒழுவுது. வேற டேங்க் கெடைக்க மாட்டேங்குது."

அவர் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "கவலைய விடுங்க. டேங்க் எம் பொறுப்பு."

திரும்பி வரும் வழியெல்லாம் சரோஜா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மறைமலைநகர் தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிகளுக்குப் புதிதாகச் செய்து விற்கும் டேங்குகளை அங்கே ஒரு கடைக்காரர் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாத்திரம்தானே? ஒன்றைக் கையில் வாங்கி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். காதருகில் வைத்துக் கேட்டேன். "தகடு கொஞ்சம் மெல்லிசா கீதே. எடை இன்னா வரும்?" என்றேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாத்த, இது இன்னா அண்டாவா, எடை போட்டு வாங்க? எந்த வருசத்து வண்டி, அதச் சொல்லு."

அப்போதுதான் தெரிந்தது, பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் வருடத்துக்கு வருடம் டேங்கை வண்டியில் பிடித்துவைக்கும் காதுகள் இடம் மாறும் என்று. சம்பந்திக்குப் போன் செய்து கேட்டு, தவறான ஒன்றை வாங்கி, அடுத்த நாளே ஓடிப்போய் மாற்றி, கடைசியில் கறுப்பில் தங்கக் கோடு இழுத்த ஒரு டேங்கைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கடையில் குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் நடுவே வைத்தேன். ஒரு அம்மா வந்து, "இது இன்னா புது மாடல் தவலையா?" என்று விலை கேட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த இடத்தில் எங்கள் கடை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் போகிற எந்தப் பாத்திரத்தையும் வெறுமையாகக் கொடுக்கமாட்டோம். கல்லாப் பக்கத்தில் ஒரு டப்பாவில் மஞ்சள் கலந்த பச்சரிசி இருக்கும். குடமோ தூக்கோ, ஒரு கை அள்ளிப் போட்டு, 'நிறைஞ்சு இருக்கட்டும்' என்று சொல்லி மூடிக் கொடுப்பேன். இத்தனை வருடப் பழக்கத்தில் அதை நான் செய்வதில்லை, என் கை செய்கிறது.

நிச்சயத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டாரை முறைப்படி அழைத்துவர டேங்கோடு கருங்குழிக்குக் கிளம்பினேன். கடையில் ஒரே கூட்டம். நான்கு பேருக்குச் சாமான் கட்டிக் கொடுத்துக்கொண்டே டேங்கையும் துணி சுற்றிக் கட்டினேன்.

அங்கே ஒரு மெக்கானிக் காத்திருந்தார். டேங்கைத் தூக்கி ஆட்டினார். "அண்ணாத்த, உள்ள இன்னாவோ சலசலங்குது. கொஞ்சம் பெட்ரோல் ஊத்திக் கழுவிட்டு மாட்டட்டா?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "புது சாமான்பா. பெயிண்ட் தூளு எதுனா இருக்கும். ராகு காலம் வரப் போவுது, சீக்கிரம் மாட்டு."

"ராகு காலத்துல டேங்க் ஏறாதா?"

"டேங்க் ஏறும்பா. அப்புறம் காரியம் ஏறாது."

வேதாசலம் என்னைப் பெருமையோடு பார்த்தார். 'நம்மைப் போலவே ஒரு மனுஷன்' என்று அந்தப் பார்வை சொன்னது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

வண்டியைக் கிளப்பியபோது அந்தச் சத்தம் தெருவையே எழுப்பியது. வேதாசலம் தோள்துண்டால் டேங்கை ஒரு தடவை துடைத்தார். பிறகு அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  நல்லது செய்துவிட்டோம் என்று அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே நிம்மதியாகத் தூங்கினேன். அதுவே எனக்குத் தப்பாகப் பட்டிருக்க வேண்டும்.

தட்டு மாற்றுவது மாமல்லபுரத்தில், கோயிலை ஒட்டிய சின்ன மண்டபத்தில். காலையில் அவர்கள் வீட்டார் எல்லோரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். "நீங்க வாங்கிக் குடுத்த டேங்கு, நீங்கதான் பின்னால குந்தணும்" என்று வேதாசலம் என்னை ஏற்றிக்கொண்டார். பட்டு வேட்டி, பட்டு அங்கவஸ்திரம், நெற்றி நிறைய நாமம். மதுராந்தகம் ஏரிக் காற்று முகத்தில் அடிக்க ராஜா மாதிரி போனோம். செங்கல்பட்டு வரைக்கும்.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் திரும்பியதும் வண்டி இருமியது. பிறகு நின்றது.

"பெட்ரோல் கீதே" என்று வேதாசலம் மூடியைத் திறந்து பார்த்தார். வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி உதைத்தார். கிளம்பிவிட்டது. "ரொம்ப நாள் நின்ன வண்டி, அப்படித்தான்" என்றேன்.  கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இருமல், மறுபடி நின்றது. இந்தத் தடவை அவர் வானத்தைப் பார்த்தார்.  சரோஜா போனில் கத்தினாள்: "ஏங்க, எங்க கீறீங்க? ஐயர் வந்துட்டாரு. நல்ல நேரம் போய்க்கினே கீது."

"வந்துக்கினே கீறோம்" என்றேன். நின்றுகொண்டுதான் இருந்தோம்.

அவர் மறுபடி வண்டியை ஆட்டினார். டேங்குக்குள்ளிருந்து சலசல என்று சத்தம் வந்தது. நான் தினமும் கேட்கிற சத்தம். புதுக் குடத்தைத் தூக்கி வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்போது உள்ளே உருளுமே, அதே சத்தம். அப்படியே உறைந்துபோனேன். துணி சுற்றியது ஞாபகம் வந்தது. மூடியைத் திருகியது ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் என் வலது கை டப்பாப் பக்கம் போனதும் ஞாபகம் வந்தது.

பெருமாளே!

வண்டி எப்படியோ கிளம்பியது. பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் பட்ட பாட்டை எழுத்தில் கொண்டுவர முடியாது. சொல்லிவிடலாமா? அவருடைய அப்பா வண்டியில் அரிசியைப் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் இருக்கலாமா? இருந்தால் அவர் இதைத் தடங்கல் என்று முடிவு கட்டிவிடுவார். நெளிந்தேன். இந்தப் பக்கம் சாய்ந்தேன், அந்தப் பக்கம் சாய்ந்தேன். "சும்மா குந்துங்க, வண்டி அலையுது" என்று அதட்டினார்.

திருக்கழுக்குன்றம் மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஒரு இளநீர்க் கடை முன்னால், வண்டி மூன்றாவது தடவையாக நின்றது. வேதாசலம் இறங்கினார். மலையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு செல்போனை எடுத்தார்.

"சம்பந்தி, தப்பா நெனச்சிக்காதீங்க. கலா நல்ல பொண்ணு. ஆனா எனக்கு மனசு ஒப்பல. வேனைத் திருப்பச் சொல்லிடறேன்."

கலா அன்று காலையில் போனில் என்னிடம், "அப்பா, பத்திரமா கூட்டினு வாங்க" என்று சொல்லியிருந்தாள். அது காதில் ஒலித்தது. நான் அவருடைய செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அரிசிங்க!"

"இன்னா அரிசி?"

"டேங்குக்குள்ள அரிசி கீதுங்க. நான்தாங்க போட்டேன். சாமி ஒண்ணும் சொல்லலீங்க, சாமிக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லீங்க!"

இளநீர்க்காரர் வெட்டுகிற கையை நிறுத்திவிட்டு, "இன்னா அண்ணாத்த, பெட்ரோல்ல பொங்கலா?" என்றார்.

வேதாசலம் செல்போனை உருவிப் பையில் போட்டார். இளநீர்க்காரரிடம் பக்கெட்டை வாங்கினார். அந்த மனிதர் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கித் தூர எறிந்தார். டேங்குக்கு அடியில் பெட்ரோல் இறங்கும் குழாயைக் கழற்றினார். பெட்ரோலோடு மஞ்சள் அரிசி அவருடைய உள்ளங்கையில் வந்து விழுந்தது. நாலைந்து அரிசி. பிறகு கொத்தாக. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். நான் மனசுக்குள் சகஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலிருந்து ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன்.

"ஏன் போட்டீங்க?"

கடை வழக்கத்தைச் சொன்னேன். கை அதுவாகப் போனதைச் சொன்னேன். ராகு காலத்தால் கழுவவிடாமல் அவசரப்படுத்தியதையும் சொன்னேன்.

அவர் நிதானமாக யோசித்தார். பிறகு தீர்ப்பு சொல்கிற மாதிரி சொன்னார்: "அப்ப இது தடங்கல் இல்ல. தடங்கல்னா சாமி பண்றது. இது மடத்தனம். ரெண்டும் வேற."

"ஆமாங்க, மடத்தனம்தாங்க! சுத்த மடத்தனம்ங்க!" வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் ஒத்துக்கொண்டதில்லை.

அவர் ஒரு நிமிஷம் என்னைக் கூர்ந்து பார்த்தார். "பொண்ணு உங்கள மாதிரியா, அவங்க அம்மா மாதிரியா?"

"சத்தியமா அவங்க அம்மா மாதிரிங்க."

"சரி, வாங்க. துண்டைக் குடுங்க."

அவர் கேட்ட துண்டு என் பட்டு அங்கவஸ்திரம். அதில்தான் பெட்ரோலை வடிகட்டினோம். நான் பிடிக்க, அவர் ஊற்ற, இளநீர்க்காரர் யோசனை சொல்ல. பாதி டேங்குக்குள் போனது, மீதி எங்கள் இருவர் மேலும் போனது. அதன்பிறகு வண்டி இருமவே இல்லை.

மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. குத்துவிளக்கு சுடர்விட்டு எரிந்துகொண்டிருந்தது. ஐயர் மூக்கைச் சுளித்து மோந்து பார்த்தார். எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயையோ, ரெண்டு பேரும் அங்கேயே நில்லுங்கோ! விளக்கு எரியறது!"

"தட்டு மாத்தணுமே" என்றேன்.

"தட்டை யார் வேணா மாத்தலாம். நீங்க கிட்ட வந்தா மண்டபத்தையே மாத்தணும். வாசலுக்குப் போங்கோ!"

ஆகவே என் மகளின் நிச்சயத் தட்டை சரோஜாவும் சம்பந்தியம்மாவும் மாற்றிக்கொண்டார்கள். நானும் வேதாசலமும் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்று எட்டிப் பார்த்தோம். கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டார். உள்ளே கலா தலை நிமிர்ந்து எங்களைத் தேடினாள், பார்த்தாள், சிரித்தாள். வேதாசலம் என் தோளைத் தட்டினார்.  நான் அங்கேயே சுவரில் தலை சாய்த்து அழுதேன். கேட்டவர்களிடம் பெட்ரோல் எரிச்சல் என்று சொன்னேன்.

அன்று முதல் எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்த நிச்சயம் நடந்தாலும் அம்மாக்கள்தான் தட்டு மாற்றுகிறார்கள். நேரம் வந்ததும் யாராவது ஒருவர், "அப்பாங்கள்லாம் வாசலுக்குப் போங்கப்பா" என்று குரல் கொடுப்பார். அப்பாக்களும் எழுந்து போய்ச் செருப்புகள் பக்கத்தில் நிற்பார்கள். போன மாதம் என் தம்பி மகள் நிச்சயத்தில் புதுச் சம்பந்தி ஒருவர், "இது உங்க குல வழக்கமா?" என்று பயபக்தியோடு கேட்டார். வேதாசலம் கொஞ்சமும் சிரிக்காமல், "ரொம்ப நாளா உள்ளதுங்க" என்றார்.

வழக்கம் இருக்கட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் கதைதான் கண்டபடி வளர்ந்துவிட்டது. ஒரு மரக்கால் அரிசி போட்டேன் என்கிறார்கள். பருப்பும் போட்டேன் என்கிறார்கள். டேங்கிலேயே பொங்கல் பொங்கி இளநீர்க்காரர் சாப்பிட்டார் என்று என் பேத்தியே பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதனால்தான் எழுதினேன். ஒரு கை அரிசி. அதுவும் சின்னக் கை. படித்தவர்கள் இதை இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு அரிசிகூடக் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வீட்டுப் பெண்களுக்கு, மடத்தனத்தையும் தடங்கலையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு மாமனாரைப் பெருமாள் கொடுக்கட்டும்.