ஆறு வால்வையும் மூடியவன் எழுதுவது

ஹேவ்லாக் தீவு, அந்தமான்
19-2-2007, திங்கட்கிழமை

மகா கனம் பொருந்திய என் மனைவி முத்தம்மாவுக்கு, கும்மிடிப்பூண்டி ஆக்சிஜன் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக சிலிண்டர் நிரப்பும் உன் புருஷன் சாலமோன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நான் நலம். இந்த நிமிஷம் கரையில்தான் இருக்கிறேன். உன் உடம்பும், மோனிகாவின் பரீட்சைப் படிப்பும், ஊறுகாய் கம்பெனியில் உன் ஷிஃப்டும் ஒரு குறையும் இல்லாமல் நடக்க ஜெபிக்கிறேன். போன் போடாமல் எதற்குக் கடிதம் என்று நீ கேட்கலாம். கேட்க மாட்டாய், ஏனென்றால் நீ என்னோடு பேசி இன்றைக்கு இருபத்து நாலு நாள் ஆகிறது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டு செல்வி நம்பருக்கு இரண்டு தடவை போட்டேன். நீ வந்து ரிசீவரை வாங்கினாய், மூச்சு மட்டும் விட்டாய், மோனிகாவிடம் கொடுத்துவிட்டாய். மூச்சு சீராக இருந்தது. அதுவரைக்கும் சந்தோஷம்.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எங்கள் கம்பெனியில் விபத்து அறிக்கை எழுதினால் முதலிலிருந்து எழுத வேண்டும் என்பது விதி, அதனால் எழுதுகிறேன். ஆயிரம் நாள் விபத்தில்லாமல் ஓடியதற்காகக் குடியரசு தினத்தன்று குலுக்கல் வைத்தார்கள். முதல் சீட்டு எனக்கு விழுந்தது. இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜா, இல்லை புருஷன் பெண்டாட்டி இருவரும் அந்தமான் போய்க் கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பதா, ஏதாவது ஒன்றில் டிக் அடிக்கச் சொன்னார் மேனேஜர் ராஜமாணிக்கம். நான் மேடையிலேயே அந்தமானில் அடித்துவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால், குலுக்கல் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்து, நீ அரிசி டிரம்மை நகர்த்தி, அடுப்படி மூலையைக் கழுவி, எலக்ட்ரீசியன் சின்னராசுவைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டே வைத்திருந்தாய். நான் விஷயத்தைச் சொன்னேன். “கடலைப் பாக்க இன்னாத்துக்குக் கப்பலு? பஸ் ஏறுனா பழவேற்காடு. அங்க இருக்கிறது இன்னா, மோரா?” என்றாய். “கண்ணாலம் கட்ன நாள்லேர்ந்து எதையாவது என்னைக் கேட்டுக்கினு செஞ்சிகிறியா நீ? போ, நீயே போய் முழுகு” என்றாய். அதுதான் கடைசிப் பேச்சு. அதன்பிறகு மோனிகாதான் நமக்கு நடுவில் தபால்காரி. “உங்கப்பனுக்கு சோறு வெச்சிகிறேன்னு சொல்லு” என்பாய், நான் ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். எனக்கும் வீராப்பு வந்து தனியாகவே கிளம்பிவிட்டேன். தனியாகப் போவதுதான் நிம்மதி என்று அப்போது சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். இருபத்தெட்டாம் தேதி வரை இங்கேயே இருப்பதாக முடிவு.

கப்பலில் மூன்று நாள். உனக்குக் கீழ் பர்த், எனக்கு மேல் பர்த். நீ வராவிட்டாலும் அது உன் பெயரில் ஒதுக்கியது என்பதால் நான் முட்டி வலியோடு மேலேதான் ஏறிப் படுத்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் கூப்பன் கிழிக்கிறவர் தேசப்பன் என்று நம் பக்கத்து ஆள், ஊத்துக்கோட்டைக்காரர். “மேடம் எங்க சார்?” என்று கேட்டார். பெண்டாட்டி பேசுவதில்லை என்று நடுக்கடலில் முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிச் சொல்வது? “தலை சுத்தலு, படுத்துக்கினு கீறாங்க” என்றேன். நல்ல மனுஷன், வேளாவேளைக்கு உனக்கு ஒரு பார்சல் கட்டிக் கொடுத்தார். சோற்றைக் கடலில் கொட்ட மனம் வராமல் இரண்டையும் நானே சாப்பிட்டேன். மூன்று நாளாக மேடம் தலை தூக்கவில்லையே என்று கவலைப்பட்டுப் போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் பார்த்தால், பர்த்தில் போர்வை பிரிக்காமல் இருக்கிறது. “பாத்ரூம் போயிகிறாங்க” என்றேன். அவர்கள் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றார்கள். பிறகு கப்பல் முழுக்க மைக்கில் மூன்று மொழியில் கூப்பிட்டார்கள்: பயணி முத்தம்மா சாலமோன் எங்கிருந்தாலும் உடனே வரவும். மைக்கில் உன் பெயர் கேட்டதும் நானும் திரும்பிப் பார்த்தேன் முத்தம்மா, சத்தியமாக. ஆள் கடலில் விழுந்துவிட்டதாக நினைத்துக் கப்பலைத் திருப்பலாமா என்று அதிகாரி யோசிக்க ஆரம்பித்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். வெள்ளைத்தாளில் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினேன். சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவன் நான்.

இங்கே கடற்கரையில் தென்னங்கீற்றுக் குடிசை கொடுத்திருக்கிறார்கள். கட்டில் மேல் ரோஜா இதழ் தூவி, துவாலையை வாத்து மாதிரி மடித்து, இரண்டு வாத்தும் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி வைத்திருந்தார்கள். ஒன்றைப் பிரித்துத் தலை துவட்டிக்கொண்டேன். இன்னொன்று நாலு நாளாக அப்படியே உட்கார்ந்து என்னை முறைக்கிறது. மணல் வெள்ளை வெளேரென்று உப்பளம் மாதிரி கிடக்கிறது. கடல் ஒரு இடத்தில் பச்சை, ஒரு இடத்தில் நீலம். பழவேற்காடு மாதிரி இல்லை என்று மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். வெள்ளைக்காரர்கள் வெயிலில் அப்பளம் காயப்போட்ட மாதிரி வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். நான் பேன்ட் சட்டை, ஷூவோடு தனியாக நடந்தேன். நிம்மதியாக இருந்தது. இரண்டு தடவை கடற்கரை முழுக்க நடந்து முடித்த பிறகும் மணி காலை ஒன்பதுதான்.

இனி முக்கியமான சம்பவம். மோனிகா இதைப் படித்துக் காட்டுவதாக இருந்தால் இந்தப் பாராவைத் தாண்டிவிட வேண்டும். மூழ்கக் கற்றுக் கொடுக்கிற மாஸ்டர் பெயர் இஜாஸ். முப்பது வயது இருக்கும், சொந்த ஊர் சாட்சாத் பழவேற்காடு. நான் கும்மிடிப்பூண்டி என்றதும் “சார்” போய் “நைனா” ஆகிவிட்டது. படகில் என்னோடு நாலு வெள்ளைக்காரர்கள். ஆளுக்கு ஒரு சிலிண்டர், இஜாஸுக்கும் சேர்த்து ஆறு, பெஞ்சில் வரிசையாக நின்றது. சிலிண்டரைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. கழுத்தில் குத்தியிருக்கிற டெஸ்ட் தேதியை ஒவ்வொன்றாகப் படித்தேன், எல்லாம் சரியாக இருந்தது, பாராட்டினேன். இஜாஸ் தலையில் எண்ணெய் தேய்த்திருந்தார். ஆக்சிஜனில் எண்ணெய் பட்டால் தீப்பற்றும், எண்ணெய்க் கையோடு வால்வைத் தொட்டால் எங்கள் பிளான்ட்டில் வாசலோடு அனுப்பிவிடுவோம் என்று சொல்லி சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். “இதுல ஆக்சிஜன் இல்ல நைனா, வெறும் காத்து” என்றார். காற்றென்றாலும் ஒழுங்கு ஒழுங்குதான். பிறகு எல்லாரையும் படகின் முன்பக்கம் உட்கார வைத்து இஜாஸ் இங்கிலீஷில் பாடம் நடத்தினார். எனக்குப் பாதி புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் கவனிக்க ஆளில்லாமல் ஆறு சிலிண்டர், ஆறிலும் வால்வு திறந்து கிடக்கிறது. முத்தம்மா, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், ஆளில்லாத சிலிண்டரில் வால்வு திறந்திருந்தால் யார் கடந்து போனாலும் மூடிவிட்டுப் போக வேண்டும் என்பது. நான் மெல்ல எழுந்து போய் ஆறையும் மூடினேன். நன்றாக இறுக்கி மூடினேன். மூடிவிட்டு வந்து, சொல்லிக் காட்டக் கூடாது என்று அடக்கமாக உட்கார்ந்துகொண்டேன்.

சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் நாலு பேரும் தொபதொபவென்று குதித்தார்கள். குழாயில் மிச்சம் இருந்த காற்று இரண்டு இழுப்புக்கு வந்திருக்கும் போல. அதன்பிறகு ஒருவர் கத்த, அடுத்தவர் கத்த, மொத்தத்தில் நாலு பேரும் கண்ணை உருட்டிக்கொண்டு கையைக் காலை அடிக்கிறார்கள். நல்ல வேளை, காற்று ஊதி வைத்த மிதவைச் சட்டை அவர்களை மேலேயே மிதக்க வைத்தது, ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இஜாஸ் தண்ணீரில் பாய்ந்து ஒவ்வொரு வால்வாகத் தடவிப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “நைனா, நீ இன்னா பண்ண?”

“தொறந்து கெட்ந்துச்சி, மூடினேன்.”

“தொறந்துதான் நைனா கெடக்கணும்! உள்ள போற மனுசன் மூச்சு உட வாணாம்? நானே போறதுக்கு மின்னாடி இன்னொரு தபா பாத்திருக்கணும், உன் பெல்ட்டைக் கட்றதுல உட்டுட்டேன். எத்தினி வருசம் வேலை செஞ்ச நீ?”

“இருபத்தாறு.”

“மூடத்தான் கத்துக்கினியா?”

எல்லாரும் பார்க்க இப்படிக் கேட்டுவிட்டார். வெள்ளைக்காரர்களில் ஒரு அம்மா மட்டும் படகில் ஏறியதும் சிரித்து, கையை நீட்டி என் தோளைத் தட்டினாள். இனி என்னைக் கடலில் இறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் இஜாஸ் கோபம் ஆறினதும், “கடலுக்குள்ள ஒண்டியா எறங்கக் கூடாது, ஜோடியாத்தான் எறங்கணும், அது ரூலு. உனக்கு ஜோடி நான்தான். கையை உடாத” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் கல்யாணத்தில்கூட நீயும் நானும் அவ்வளவு நேரம் கை பிடித்ததில்லை. உள்ளே போனால், என்ன சொல்வேன், பூக்கடை பூக்கடையாக மீன். மஞ்சள், ஊதா, கோடு போட்டது, புள்ளி வைத்தது. ஒரு பச்சை மீன் பவளப் பாறையைக் கடித்துத் தின்கிற சத்தம், நீ முறுக்கு கடிக்கிற சத்தமேதான். பார்த்ததும் “முத்தம்மா, இங்கப் பாரேன்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் மூச்சுக் குழாய். பக்கத்தில் இஜாஸ். அங்கே நினைத்தேன், இருபத்து நாலு நாளாக நீ இப்படித்தானே வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய், அதற்கு முந்தின இருபத்தாறு வருடம் நான் கேட்காததால்தானே மூடிக்கொண்டாய் என்று. கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. இஜாஸ் பயந்து, கண்ணாடியின் ரப்பர் முகத்தில் சரியாக ஒட்டவில்லை என்று என்னை மேலே கூட்டிக்கொண்டு வந்தார். ரப்பர் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் டிக் அடித்தது தப்பு. ஃப்ரிட்ஜ் பெரிசா, கடல் பெரிசா என்பது இல்லை, கேட்காததுதான் தப்பு. இதை எழுதுவதற்குள் பேனா மூன்று தடவை நின்றுவிட்டது.

மற்றபடி இங்கே மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன், தனியாக இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. மோனிகாவுக்கு என் முத்தங்கள். செல்விக்கும் அவள் போனுக்கும் என் நன்றி. சின்னராசுவிடம் அந்த பிளக் பாயின்ட்டை எடுக்க வேண்டாம் என்று சொல். உனக்கும் நம் வீட்டுக்கும் ஆண்டவர் காவல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் புருஷன்,
ஆ. சாலமோன்

பின்குறிப்பு: இதைக் கவரில் போட்டு ஒட்டிக்கொண்டு தபாலாபீஸ் போனேன். கடிதம் எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன். வியாழக்கிழமை கப்பலில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை சென்னை, திங்கட்கிழமை உங்கள் வீடு என்றார் போஸ்ட்மாஸ்டர். ஒரு காகிதம் திங்கட்கிழமை உன் கைக்கு வந்துவிடும், நான் மட்டும் இருபத்தெட்டாம் தேதி வரை இங்கே உட்கார்ந்து என்ன செய்வது? கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதே கப்பலுக்கு டிக்கெட்டை மாற்றிவிட்டேன். மேலே சந்தோஷம், நிம்மதி என்று எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். கடிதத்தை நானே கொண்டு வந்து உன் கையில் கொடுக்கிறேன். உள்ளே போய்ப் பொறுமையாகப் படி. நான் வாசலில் நிற்கிறேன். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வருவேன், நீயே பதில் சொல்ல வேண்டும். மோனிகா சொன்னால் வர மாட்டேன்.