அரசருக்குப் பசிக்கவில்லை

மழை அடிக்கடி பொய்த்துவிடும் நாடு அது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பஞ்சம் வந்தால் அரசரும் உண்ணமாட்டார். தாங்க முடியாமல், "பசிக்கிறது" என்று அவர் வாய்விட்டுச் சொன்னதும் களஞ்சியம் திறக்கும். எந்த அரசரும் அதிக நாள் தாங்கியதில்லை.

அரசர் வாடுவதைக் காணக் குடிகளுக்குத்தான் பொறுக்கவில்லை. மலையுச்சியில் ஒரு கல் மிதக்கிறது, அது யார் தலையைச் சுற்றுகிறதோ அவருக்குப் பசியே எடுக்காது என்று கேள்விப்பட்டார்கள். மலையேறி, வலை வீசிப் பிடித்து, அரசருக்குக் காணிக்கையாக்கினார்கள். வலையின் ஒரு முனையைப் பிடித்தவள் ஒச்சாயி. கொட்டைப்பாக்களவு கல் அரசரின் தலையைத் தேனீபோல் சுற்றத் தொடங்கியபோது அவளும் குலவையிட்டாள்.

அடுத்த பஞ்சத்தில் களஞ்சியம் திறக்கவில்லை.

ஒச்சாயியின் மகள் செவ்வந்திக்குக் கால்கள் வீங்கின. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒச்சாயி அரண்மனைக்குப் போனாள்.

"புள்ள சாகக் கெடக்குதுங்க. ஒரு படி நெல்லு குடுங்க."

அமைச்சர் அரசரிடம் முறைப்படி கேட்டார்: "மன்னா, பசிக்கிறதா?"

"இல்லையே, ஏன்?"

"நாட்டில் பசி இல்லை" என்று அமைச்சர் சபைக்கு அறிவித்தார்.

"எங்களுக்குப் பசிக்குதே, சாமி!"

"நாட்டுக்கே பசிக்காதபோது உனக்கு மட்டும் பசிக்கிறதென்றால் அது நோய், அம்மா."

பசி நோயாக அறிவிக்கப்பட்டது. தொற்றிவிடாதிருக்க, பசித்தவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாதென்று ஆணை பிறந்தது. வெளியே வராதவர்களுக்குக் கூலி கிடைக்கவில்லை, நோயாளிகள் பெருகினார்கள். பசியில்லாத நாட்டுக்கு அடுப்பு எதற்கு என்று அடுப்புகளை இடித்தார்கள். களஞ்சியத்து நெல்லில் பாதி அயல்நாட்டுக்குக் கப்பலேறியது.

தேர்தல் வந்தது. அன்றைக்கு மட்டும் நோயாளிகளும் வெளியே வரலாம். கல் சுற்றும் தலையே ஆளும் தலை. அது யாருடைய தலை என்பதைக் குடிகள் தீர்மானிக்கலாம் என்பது கல் வந்தபோது இட்ட சட்டம்.

"யாருக்குப் பசி அதிகமோ அவங்கதான் ஆளணும்" என்றார்கள். எல்லா விரல்களும் ஒச்சாயியை நோக்கி நீண்டன.

"கல்லு என் தலைக்கு வந்த மறுநிமிசம் களஞ்சியத்தத் தொறக்கிறேன். இல்லேன்னா என் மூஞ்சியில காறித் துப்புங்க" என்றாள் அவள்.

"நீ மறந்தாலும் ஒம்மக மறக்க விடமாட்டா, ஆத்தா" என்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டான் பக்கத்து வீட்டு விருமன்.

முடிசூட்டு மேடையில் கல் பழைய தலையை விட்டு நகர்ந்து ஒச்சாயியின் தலையைச் சுற்றியது. அதே அமைச்சர் குனிந்து வணங்கினார்.

"அரசியாரே, பசிக்கிறதா?"

ஒச்சாயி வாயைத் திறந்தாள். பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்தாள். சற்றுமுன்வரை அங்கே எரிந்துகொண்டிருந்தது என்னவென்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள்.

"சொல்லு ஆத்தா! பசிக்குதுன்னு சொல்லு!" என்று விருமன் கீழேயிருந்து கத்தினான்.

"இல்லாதத எப்படிய்யா சொல்றது?"

மேடையில் காலடியில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள். அழக் குரல் எழவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

ஒச்சாயி மகளைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். அமைச்சர் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்:

"இது ஏன் இப்படிப் பண்ணுது?"