ஊதுகிறவனுக்கு வந்த இழுப்பு

ஆக்லாந்தில் இருந்துகொண்டே எங்கள் குடும்பம் முழுவதையும் ஆட்டி வைக்கும் மாட்சிமை பொருந்திய கலோலைன் அத்தை அவர்களுக்கு, டோங்காவிலிருந்து தம்பி மகன் சமிசோனி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் லூபேயும் பிள்ளைகளும் ஏழு பன்றிகளும் சுகம். எட்டாவது பன்றியின் கதை கீழே வருகிறது. உங்கள் முழங்கால் இப்போது மாடிப்படி ஏறுகிறதா?

அத்தை, போன தடவை போனில், "நாலு வருஷமா நான் அனுப்புற இன்ஹேலரை என்னடா பண்றே? இன்னும் உன் நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துது. ஒழுங்கா ஆஸ்பத்திரியில நடக்கிற ஆஸ்துமா வகுப்புக்குப் போ" என்று சத்தம் போட்டீர்கள். அப்பாவின் அக்கா சொல்லைத் தட்டியவன் எங்கள் ஊரில் உருப்பட்டதில்லை. போனேன். எனக்கே உள்ளூர உதறல்தான். சர்ச் மாநாடு வருகிறது. முப்பது வருஷமாக பாண்டில் பித்தளை யூஃபோனியம் ஊதுகிறேன், பாட்டின் நடுவே தனியாக ஊதுகிற இடம் என்னுடையது. போன ஒத்திகையில் அங்கே வந்ததும் இருமித் தொலைத்துவிட்டேன். "இன்னொரு தரம் இருமினா வாத்தியம் அந்த எடுவாதே பயல் கைக்குப் போயிடும்" என்று பாண்டு மாஸ்டர் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். எடுவாதே ஊதினால் பன்றிகூட வேலி தாண்டும். அவன் மடியில் என் யூஃபோனியம் உட்காருவதைப் பார்ப்பதற்குப் பதில் நான் கடலில் இறங்கிவிடுவேன்.

வகுப்பெடுக்கும் நர்ஸ் யார் தெரியுமா? நம்ம சியாலே! என் கூடப்பிறந்த தங்கச்சி! வவாவு தீவிலிருந்து மாற்றலாகி வந்தது தெரியும், ஆஸ்துமா வகுப்பு அவள் தலையில் விழுந்தது தெரியாது. எனக்குப் பன்னிரண்டு வயதானதும், வளர்ந்த அண்ணனும் தங்கையும் விலகி இருப்பதுதான் நம் மரியாதை வழக்கம் என்று அவள் படுக்கும் வீட்டிலிருந்து என் பாயைச் சுருட்டி வெளியே போட்டீர்களே, அன்றிலிருந்து முப்பத்தாறு வருஷமாக, சர்ச்சில் தவிர வேறெங்கும் நாங்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்ததில்லை. அவள் எதிரில் வாயைப் பிளந்து காட்டி, சளி என்ன நிறம் என்று பேசுவதா? என்னைக் கண்டதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள், நான் வாசல்பக்கம் திரும்பினேன். கடைசியில் லூபேதான் வழி கண்டுபிடித்தாள். சியாலே உள்ளே, நான் வெளியே பலாமரத்தடியில், நடுவே வாசலில் லூபே. அவள் சொல்வதை இவள் கேட்டு, என்னிடம் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பாள். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்?

"பழுப்பு டப்பா தினமும் ரெண்டு வேளை. நல்லாயிருந்தாலும் விடக்கூடாதாம், அதுதான் இழுப்பை அண்டவிடாதாம். நீலம் இழுப்பு வந்தா மட்டும். பழுப்பு அடிச்சதும் வாய் கொப்புளிக்கணும்" என்பாள். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். "புகைகிட்டே போகக்கூடாது. பாயை வெயில்ல போட்டுத் தட்டணும், நீங்க இல்ல, வேற ஆள். அப்புறம், சாப்பிட்ட பாத்திரத்தை நீங்கதான் கழுவணுமாம், வெந்நீர் ஆவி நெஞ்சுக்கு நல்லதாம். வாரத்துக்கு ஒருநாள்தான் கூட்டாளிகளோட காவா வேர்ச்சாறு குடிக்கப் போகலாமாம்."

"காவாவுமா? சியாலேயா சொன்னா?"

"பின்னே நானா சொல்வேன்? நான் என்ன நர்ஸுக்குப் படிச்சவளா?"

நியாயம்தானே. இப்படிப் பன்னிரண்டு விதி சேர்ந்தது, பன்னிரண்டையும் வேதவாக்காகக் கடைப்பிடித்தேன். இன்ஹேலர் பாடம் வந்த அன்று, "உதட்டை இறுக்கி வச்சு, நெஞ்சு முழுக்க மூச்சு, ஒரே அழுத்து" என்றாள் லூபே. உதட்டை இறுக்குவதை எனக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமா? அழுத்தினேன், நாலு வருஷமாகச் செய்வதுபோல நெஞ்சு முழுக்க ஊதினேன். உள்ளிருந்து சியாலே ஏதோ கேட்டாள் போலிருக்கிறது. "பாண்டுல ஊதற மாதிரியே அழகா செய்யறார்" என்று லூபே பெருமையாகப் பதில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அண்ணியின் பெருமைப் பேச்சு என்று அவள் விட்டுவிட்டாள், பாவம்.

நாலு வாரத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். நம் வீட்டில் ஒரு சான்றிதழ் வந்தால் சும்மா விடுவோமா? கண்ணாடிச் சட்டம் போட்டு, சங்குமாலை சாத்தி, எட்டாவது பன்றியை வெட்டி ஊரையே கூப்பிட்டாயிற்று. போதகர், "நம் சமிசோனி ஆஸ்துமாவில் தேறிவிட்டார்" என்று பேசினார், எல்லாரும் கை தட்டினார்கள். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று யாரோ இரண்டாவது மண்ணடுப்பை மூட்டினார்கள். ஈர விறகு, அத்தை. காற்றும் திரும்பிற்று. விருந்தின் நாயகன் என்று என்னை உட்காரவைத்த இடத்துக்கே மொத்தப் புகையும் விசாரித்துக்கொண்டு வந்தது. நெஞ்சு அடைத்தது, கண் இருட்டியது, நீல டப்பாவை எடுத்து உயிரைக் கொடுத்து ஊதினேன், மருந்து புஸ்ஸென்று போதகர் முகத்தில் போயிற்று.

எதிர்வரிசையில் கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்த சியாலே, நான் மருந்தடிக்கும் லட்சணத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

"அடப்பாவி, ஊதாதே! இழு! உள்ளே இழு!"

முழு ஊர் முன்னால்! கிழங்குத்தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள், என்னைப் புகையிலிருந்து அப்பால் இழுத்து உட்காரவைத்து, தாடையைப் பிடித்தாள். "வெளிய விடு. ம். இப்ப மெதுவா இழு, நான் அழுத்தறேன். இழு, இழு, நிறுத்து. மூச்சைப் பிடிச்சுக்கோ. மறுபடியும்." நாலு தடவை. அப்புறம் நாலு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தபடி என் முதுகில் கை வைத்திருந்தாள். ஊர்ச்சனம் மரியாதையாகத் தரையைப் பார்த்தது, போதகர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது, அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை கிட்டத்தில் அவள் முகத்தை நான் சின்னப்பிள்ளையில் பார்த்தது. அப்படியே அப்பா முகம், அத்தை. எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஆக, இழுப்புக்கு மருந்து இழுப்பது, நானோ நாலு வருஷமாக ஊதியிருக்கிறேன். நீங்கள் அனுப்பியது அத்தனையும் ஊர்க்காற்றில் கலந்தாயிற்று. இந்தத் தெருவில் ஒரு நாய்க்குக்கூட இருமல் இல்லாததன் ரகசியம் இதுதான்.

இப்போது ஊர் முணுமுணுக்கிறது, சியாலே வெட்கப்பட்டு வெளியே வருவதில்லை. நம் குடும்பத்தில் உங்களுக்கு மேல் ஆளில்லை. மரியாதை வழக்கம் அப்படியே இருக்கட்டும், மூச்சு விஷயத்துக்கு மட்டும் விலக்கு என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், அவளே எனக்கு நேரில் சொல்லித் தருவாள். தயவுசெய்து உடனே எழுதுங்கள். லூபே மட்டும், "வழக்கத்தை மாத்தாதீங்க, நடுவுல நான் இருக்கேனே" என்கிறாள். தங்கமான மனசு.

ஆண்டவர் உங்கள் முழங்காலுக்குப் பலத்தையும், எனக்கு மாநாடுவரை மூச்சையும் அருள்வாராக.

பணிவுள்ள மருமகன்,
சமிசோனி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது சியாலே வந்துவிட்டாள்! போதகரே அனுப்பினாராம். பழுப்பு டப்பாவை நான் இழுப்பதைப் பத்துத் தடவை பார்த்துவிட்டு, என் நோட்டை வாங்கிப் படித்தாள். ஆறாவது விதிவரை தலையாட்டினாள். ஏழாவதில், "அண்ணா, பாத்திரம் கழுவறதுக்கும் ஆஸ்துமாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். பன்னிரண்டாவதை, அதாவது மாமியார் வந்தால் எதிர்த்துப் பேசக்கூடாது என்பதைப் படித்தவள், சிரித்த சிரிப்பில் அவளுக்கே மூச்சு வாங்கிற்று. லூபேயைக் காணோம். பன்றிக்கொட்டில் பக்கம் போனதாகத் தகவல். ஆனால் அத்தை, நேற்று பாத்திரம் கழுவி முடித்த கையோடு யூஃபோனியத்தை எடுத்தேன், தனி இடம் முழுவதும் ஒரு இருமல் இல்லாமல் வந்தது. எந்த விதியால் வந்தது என்று சியாலேக்குத் தெரியும், எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஆகவே மாநாடுவரை பன்னிரண்டில் ஒன்றையும் விடுவதாக இல்லை, மேலே கேட்ட அனுமதியை அது முடிந்தபிறகு அனுப்புங்கள். எட்டு மணியாகிறது, பாத்திரம் கிடக்கிறது.