போயிட்டார் என்று சொல்ல வராதவன்

எனக்குக் கூச்சம் அதிகம். இறங்க வேண்டிய இடத்தில் கண்டக்டரிடம் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தவன். அப்படிப்பட்டவனை நம்பித்தான் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டார்கள்.

ஆளில்லாத சின்ன விமானம். சென்னைக் கம்பெனி ஒன்று விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் அதைச் சோதித்தது. அதற்குக் கீழே ஆள் வந்தால் வாக்கிடாக்கியில் சொல்வது என் வேலை. தற்காலிகம்தான். அன்றைய சோதனை ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம் என்றார் இன்ஜினியரம்மா.

காலையில் ஆபத்துப் பட்டியல் வாசித்தார். காற்று, பருந்து, பேட்டரி, ஆடு. நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். (பத்தாம் வகுப்பில் நான் வாங்கியதைவிட ஆட்டுக்கு அதிகம்.) அவசரத்துக்கு இறக்கப் பக்கத்து உழவுக்காடு. அது கோடையில் பார்த்துக் குறித்தது. முந்தாநாள் மழையில் களியாகிக் கிடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இருமிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விமானம் ஏறியதும் ஆடுகளோடு வந்து நின்றார் புதூர் அண்ணாச்சி. வயது எழுபது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஒரு வாரம்தான். உடனே சொன்னேன். "அவரை அனுப்பிட்டுச் சொல்லுங்க" என்றார் இன்ஜினியரம்மா. விமானம் தள்ளி வட்டமடித்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் அங்கன தள்ளிப் போறியளா?"

"அதுக்கென்னலே, வாரேன்" என்று ஆடுகளைப் பத்திக்கொண்டு போய்விட்டார்.

"போயிட்டாரா?" என்றது வாக்கிடாக்கி.

சீக்காளி மனுசரை எப்படிப் 'போயிட்டார்' என்பது? (நாக்கு அழுகிவிடாதா?)

"வாரேன்னுட்டாரு மேடம்."

"என்னது, வர்றாரா?"

"ஆமா மேடம். வாரேன்னுதான் சொன்னாரு."

"பேட்டரி தாங்காது! பக்கத்துக் காட்டுல இறக்கு!" என்று விமானத்தை இயக்கும் பையனிடம் அவர் கத்துவது கேட்டது.

இறங்கியது என்று சொல்ல முடியாது. நட்டுவைத்த மாதிரி, வால் மட்டும் வெளியே நின்றது.

சத்தம் கேட்டு அண்ணாச்சி ஓடி வந்தார். "இவர் போகவே இல்லையா?" என்றார் இன்ஜினியரம்மா.

"நான் அப்பவே வாரேன்னு சொல்லிட்டுப் போயிட்டம்லா! ஏலே, நீ என்னத்தலே சொல்லித் தொலைச்ச?"

நிரந்தர வேலை அந்தக் களிக்குள்ளேயே புதைந்தது. பாவம் பார்த்துத் தற்காலிகமாகவே வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஆள் நகர்ந்தால் 'போயிட்டார்' என்று சத்தமாக, தெளிவாகச் சொல்லவேண்டும். தினமும் காலையில் பத்து முறை சொல்லவைத்தார்கள். நன்றாகவே பழகிவிட்டது.

அடுத்த மாதம் கோவில்பட்டியில் கொழுந்தியாள் கல்யாணம். தாலி கட்டப்போகும் நேரம். "ஏங்க, எங்கப்பா எங்க?" என்று மணமேடையிலிருந்து கேட்டாள் மனைவி.

"போயிட்டாரு!" என்றேன், மண்டபமே கேட்க.

மேளம் நின்றது. மாமியார் சரிந்து விழுந்தார். மாமனார் பால் வாங்கப் போயிருந்தார்.

இன்றும் வாசல் தாண்டுமுன் அவர் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்: "மாப்ள, நான் கடைக்குத்தான் போறேன். யாரும் கேட்டா அந்த 'கடைக்கு'ங்கறதையும் சேத்துச் சொல்லுங்க."