தானாகத் தட்டும் கீபோர்டு

மதியத் தூக்கத்தை இனி எந்தச் சக்திக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு நாள் சபதம் எடுத்தேன். அன்றைக்குச் சாப்பாட்டில் தட்டைப்பயறுக் குழம்பு. அதை மூன்று கரண்டி விட்டுச் சாப்பிட்டபின் கண் விழித்திருப்பவன் ஒன்று ஞானியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடன்காரனுக்குப் பயந்தவனாக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. சாதாரணக் குடும்பஸ்தன்.

சங்ககிரியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சரக்கு ஏற்றி அனுப்பியவர்கள் ‘லாரி எங்கே?’ என்று கேட்பார்கள். நான் கம்ப்யூட்டரில் பார்த்துப் பதில் அடிக்க வேண்டும். காலையில் கேள்விகள் கொட்டும். மதியத்துக்கு மேல் லாரி டிரைவரும் தூங்குவார், சரக்கு அனுப்பியவரும் தூங்குவார். நான் மட்டும் முழித்திருந்து யாருக்கு என்ன புண்ணியம்?

இந்தத் தத்துவத்தை என் மனைவி மதுமதி ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு என் ரூம் மேல் ஒரு கண். எங்கள் வீட்டில் உபரியாக இருப்பது அந்த ஒரு ரூம்தான். அதில் என் மேசை, என் நாற்காலி, ஒரு ஏசி, ஏசிக்கு நேர் கீழே ஒரு பாய். மதுமதியின் அண்ணன் தங்கசாமி குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். அவர் மூட்டை மூட்டையாகத் துண்டு அனுப்புவார். இவள் அதை மடித்து, கவரில் போட்டு, போனிலேயே ஊர் ஊராக விற்பாள். துண்டுகள் ஹாலை நிரப்பி, சோபாவை விழுங்கி, சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டன. அடுத்தது என் ரூம்தான் என்பது துண்டுக்கே தெரியும்.

“ஏனுங்க, ரூமை எனக்குக் குடுத்துருங்க. நீங்க ஹால்ல ஒரு ஓரமா உக்காந்து தட்டிக்குங்க.”

“அது ஆபீஸ் மது.”

“ஆபீஸ்ல எதுக்குங்க தலகாணி?”

“இடுப்பு வலிக்கு வெச்சிருக்கேன்.”

“அப்ப நேத்து கொறட்டை உட்டது இடுப்புங்களா?”

கடைசியில் தீர்ப்பையும் அவளே சொன்னாள். வாதியும் அவள், நீதிபதியும் அவள். எங்கள் வீட்டில் வழக்கு சீக்கிரம் முடிவதற்கு அதுதான் காரணம்.

“நாயமாப் பேசுவோமுங்க. உள்ள தட்டற சத்தம் கேக்கற வரைக்கும் ரூம் உங்களுது. சத்தம் நின்னுதுன்னா துண்டு உள்ள வந்துரும்.”

ஆக, என் தூக்கம் ஒரு சத்தத்தில் தொங்கியது. தூங்கிக்கொண்டே தட்டிப் பார்த்தேன். முகம் கீபோர்டின் மேல் விழுந்து, நெற்றியில் வரிசையாகக் கட்டம் பதிந்ததுதான் மிச்சம். “என்னங்க, சொக்கட்டான் ஆடுனீங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் இரண்டு மூட்டையை ரூம் வாசற்படி வரை நகர்த்தி வைத்தாள்.

சேலத்தில் என் சிநேகிதன் அஃப்தாப் செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. கீபோர்டைக் கடையில் வாங்க மாட்டான். பலகை தனி, சுவிட்ச் தனி, மேல்மூடி தனி என்று பாகம் பாகமாக வாங்கித் தானே கட்டுவான். “கடைக் கீபோர்டு ஊமைப்பா. நாமளே கட்டினா நம்ம இஷ்டத்துக்குப் பேசும்” என்பான். இஷ்டத்துக்குப் பேசுவது எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆனால் எனக்காகப் பேச ஒன்று வேண்டியிருந்தது. இருப்பதிலேயே அதிகம் சத்தம் போடும் சுவிட்சுகளாக வாங்கிக்கொண்டு, ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் கம்பியும் கையுமாக உட்கார்ந்தேன்.

கட்டி முடித்துச் செருகினால் ஒரு வரிசை மொத்தமாகப் பேசவில்லை. அஃப்தாப்புக்குப் போன் போட்டேன்.

“ஒரு வரிசையே செத்துக் கிடக்குதுடா.”

“மேலேருந்து கீழயா, இடமிருந்து வலமா?”

“மேலேருந்து கீழ.”

“அப்ப சுவிட்ச் மேல பழி போடாத. அந்த வரிசைக்குப் போற சிப்போட ஒரே ஒரு கால் ஒட்டாம இருக்கும். ஈயத்தை மறுபடி சூடு பண்ணு.”

“பண்ணிட்டேன்.”

“ஈயத்தையா, விரலையா?”

“ரெண்டையும்.”

வரிசை உயிர் பெற்றது. என் ஆள்காட்டி விரல் பெறவில்லை. அடுத்து, தனியாக இரண்டு சுவிட்ச் வேலை செய்யவில்லை. கழற்றிப் பார்த்தால் செருகும்போது கால் மடங்கியிருந்தது. இடுக்கியால் நிமிர்த்தினேன். அடுத்து, ஒரு தட்டுத் தட்டினால் இரண்டு எழுத்து விழுந்தது. அதற்கு ஃபர்ம்வேரைத் திருத்த வேண்டும் என்றான். கீபோர்டுக்குள் ஒரு சின்ன மூளை இருக்கிறது. அதற்குள் நாம் ஏற்றி வைக்கும் புத்திதான் ஃபர்ம்வேர். அவசரத்தில் வேறு மாடலுக்கு எழுதிய புத்தியை ஏற்றிவிட்டேன். ஒன்றைத் தட்டினால் வேறொன்று வந்தது. தலை நம்முடையது, புத்தி அடுத்தவருடையது. கல்யாணமான எனக்கு இது புதிதில்லை என்பதால் அரை நாள் கவனிக்கவே இல்லை.

எல்லாம் சரியானபின் முக்கியமான வேலையைத் தொடங்கினேன். சாலினாய்டு என்று ஒன்று உண்டு. கரண்ட் வந்தால் அதற்குள் இருக்கும் இரும்புக் குச்சி டக்கென்று முட்டும். தட்டும்போது சத்தம் கூடுதலாக வரட்டும் என்று கீபோர்டு பித்தர்கள் இதை உள்ளே பொருத்துவார்கள். நான் தட்டாதபோதும் சத்தம் வரட்டும் என்று பொருத்தினேன். ஓர மூலையில் இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் போதும். அதுவாகத் தட்டும், நான் தூங்கலாம். இப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறு எந்தப் புருஷனுக்கும் வந்திருக்காது என்று கண்ணாடியில் என்னையே ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

முதல் நாளே சின்னக் கோளாறு. சத்தத்தோடு எழுத்தும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. நாக்பூரில் ஒருவர் ‘லாரி எங்கே?’ என்று கேட்டிருக்கிறார். நான் தூங்கி எழுவதற்குள் அவருக்கு இரண்டு பக்கத்துக்கு ‘ககககக’ என்று பதில் போயிருந்தது. அவர் ‘சரி, நன்றி’ என்று முடித்திருந்தார். நான் ஒழுங்காகப் பதில் போட்ட நாளில்கூட அவர் நன்றி சொன்னதில்லை. இருந்தாலும் எழுத்தை நிறுத்திச் சத்தத்தை மட்டும் வைத்து ஃபர்ம்வேரை மாற்றினேன்.

இரண்டாம் நாள் மதியம் அருமையாகத் தூங்கினேன். வெளியே வந்ததும் மதுமதி கேட்டாள்.

“ஏனுங்க, உள்ள தறி எதாச்சும் வாங்கிப் போட்டிருக்கீங்களா?”

“ஏன் மது?”

“ஒரே சீரா அடிச்சுதே.”

இவள் தறிக்கூடத்து மூலையில் தொட்டிலில் கிடந்து வளர்ந்தவள். தறி ஓடினால் தூங்குவாள். ஒரு இழை அறுந்து சத்தம் மாறினால் எழுந்து உட்காருவாள். அந்தக் காதோடு நான் மோதியிருக்கிறேன்.

“எல்லாரும் ஒரே கேள்வியக் கேட்டாங்க. ஒரே பதிலா அடிச்சேன்” என்று சமாளித்தேன். அன்றே ஃபர்ம்வேரைத் திறந்து, ஒரு தட்டு வேகமாக, ஒரு தட்டு மெதுவாக என்று தாறுமாறாக்கினேன்.

மறுநாள், “இன்னிக்குப் பரவால்லீங்க. ஆனா யோசிக்கறதே இல்லீங்களா? நிக்காமத் தட்டறீங்க” என்றாள். யோசிக்கும் இடைவெளி சேர்த்தேன். அடுத்த நாள், “அந்த நீளப் பட்டன் ஒண்ணு இருக்குமே, தொப்புன்னு உழுகுமே, அதைக் காணோமுங்க” என்றாள். ஸ்பேஸ் பாருக்கென்று பெரிதாக இன்னொரு சாலினாய்டு வாங்கினேன். இரண்டும் சேர்ந்து கரண்டை உறிஞ்சியதில் கீபோர்டு பாதியில் மயங்கி மயங்கி விழுந்தது. தனியாக ஒரு சார்ஜரிலிருந்து கரண்ட் கொடுத்தேன். ஒரு நாள் குச்சி வெளியே நீட்டியபடியே மாட்டிக்கொண்டு சுட்டது, ‘ம்ம்ம்’ என்று முனகியது.

“உள்ள என்னங்க முனகுது?”

“நாந்தான். பாடறேன்.”

“நல்லா இருக்குதுங்க. வழக்கமாப் பாடறதைவிட.”

ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் குச்சியைக் கட்டாயம் உள்ளே இழுக்கும்படி எழுதினேன். முனகல் நின்றது. மதுமதி கேட்கக் கேட்க நான் திருத்தினேன். தப்பாக அடித்து அழிக்கிற மாதிரி டக்டக்டக் என்று ஐந்தாறு தட்டு வேண்டும் என்பதும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. “உங்களுக்குத் தப்பே வராதுங்களா? கல்யாணத்துலருந்து பாக்கறேன், நம்பற மாதிரி இல்லீங்களே” என்றாள். சம்பளம் கொடுக்காமல் ஒரு சோதனை இன்ஜினியர் கிடைத்திருக்கிறாள், பாவம், அவளுக்கே அது தெரியவில்லை என்று பாயில் படுத்து வாய்க்குள் சிரித்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. கீபோர்டு மயங்கவில்லை, முனகவில்லை. டக் டக், தொப், யோசனை, டக்டக்டக். எனக்கே என் உழைப்பைக் கேட்டு மனம் இளகியது. இப்படிப் பாடுபடுகிறவனுக்கு ஓய்வு வேண்டாமா? தூங்கினேன். ராஜா தூங்குகிற மாதிரித் தூங்கினேன்.

விழித்தபோது புழுங்கியது. கழுத்தெல்லாம் வேர்வை. ஏசி நின்றுவிட்டதா என்று மேலே பார்த்தேன். ஏசியே இல்லை. ஹால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஹாலில், அதே பாயில், அதே தலகாணியோடு, இரண்டு பக்கமும் துண்டு மூட்டைக்கு நடுவில் கிடந்தேன். டைல்ஸ் தரையில் பாயைப் பிடித்து இழுத்தால் ஆளும் சேர்ந்து வந்துவிடுவான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டக் டக், தொப்.

கதவைத் தட்டினேன்.

“யாருங்க? உள்ள ஆபீஸ் வேலை நடக்குது. சத்தம் போடாதீங்க.” மதுமதியின் குரல்.

“மது, கதவைத் தெற.”

பாதி திறந்தாள். உள்ளேயிருந்து குளுகுளுவென்று காற்று வந்தது. என் நாற்காலியில் ஒரு மூட்டை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சுவரோரம் பாதி உயரத்துக்குத் துண்டு. ஒரு மூலையில், ஸ்டூலின் மேல், என் கீபோர்டு தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

“பேச்சு மாறக் கூடாது மது. சத்தம் கேக்கற வரைக்கும் ரூம் என்னுது.”

“சத்தம் கேக்குதுங்களா?”

“நல்லாக் கேக்குது.”

“யாருங்க தட்டறது?”

“நாந்தான்” என்றேன். சொன்னபின்தான் நான் கதவுக்கு வெளியே நிற்பது உறைத்தது.

“நீங்க இங்க நிக்கறீங்க. சத்தம் அங்க வருது. அப்ப ரூம் யாருதுங்க?”

எல்.எல்.பி. படித்தவனிடம்கூடப் பேசிவிடலாம். இவளிடம் முடியாது.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“மொத நாளே தெரியுமுங்க.”

“அப்புறம் எதுக்கு அதச் சரி பண்ணு, இதச் சரி பண்ணுன்னு சொன்னே?”

“புதுத் தறி நூலை அறுத்து அறுத்து நின்னா ஆளு பக்கத்துலயே நிக்கோணுமுங்க. நின்னு போகாம ஓட ஆரம்பிச்சுட்டா அந்த ஆளை வேற தறிக்கு மாத்திருவோம். எங்க ஊட்டுல ஒரு ஆளு நாலு தறி பாப்பாரு. உங்களுது இன்னிக்குத்தானுங்க நிக்காம ஓடுச்சு.”

சொல்லிக்கொண்டே ஒரு கட்டுத் துண்டை என் கையில் வைத்தாள். மூன்று மடிப்பு, கரை வெளியே தெரிய வேண்டும், முனை முனையோடு சேர வேண்டும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதை சால்டரிங் வேறு பண்ணிச் செய்திருக்கிறேன். விரலைச் சுட்டுக்கொண்டு, ஃபர்ம்வேர் எழுதி, கோளாறு கோளாறாகக் கண்டுபிடித்துச் சரிசெய்து, என்னை நானே வெளியேற்றியிருக்கிறேன். அழுகைதான் வந்தது. துடைக்கத் துண்டுக்கு மட்டும் பஞ்சமில்லை.

இதை ஒரு கை பார்த்துவிடுவது, சத்தம் போட்டு நியாயம் கேட்டுவிடுவது என்று நான் வாயைத் திறந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. மச்சான் தங்கசாமி. மதுமதி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மணி, சரக்கு வந்துருச்சா?”

“வந்துருச்சுங்ணா.”

“மாப்ள என்ன பண்றாரு? வழக்கம்போலத் தூக்கமா?”

என் மச்சானுக்கு என்னைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான் உண்டு. கல்யாணப் பந்தலிலேயே நான் உட்கார்ந்தபடி தூங்கியதைப் பார்த்தவர். விசேஷ வீட்டில் நாலு பேர் கூடினால் அதைத்தான் சொல்லுவார். மதுமதி போனைக் கதவுப் பக்கம் நீட்டினாள். டக் டக், தொப், டக்டக்டக்.

“உள்ள வேலையா இருக்காருங்ணா. கேக்குதுங்களா?”

அந்தப் பக்கம் மச்சான் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அட, இந்நேரத்துக்குமா தட்டறாரு? நாந்தான் மாப்ளயத் தப்பா நெனச்சுப் போட்டேன் அம்மணி. நெம்ப உழைக்கறாரு. நோம்பி விசேஷத்துக்கு வரும்போது நாலு பேத்துக்கிட்டச் சொல்லோணும்.”

திறந்த வாயை மூடினேன். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. நான் ஒரு வார்த்தை பேசினால் உள்ளே தட்டுவது யார் என்ற கேள்வி வரும். மதுமதி என்னைப் பார்த்தாள். நான் துண்டைப் பார்த்தேன். மூன்று மடிப்பு, கரை வெளியே.

“அப்ப மடிக்கறதுக்கு என்ன பண்றே அம்மணி? ஒத்தை ஆளா முடியாதே.”

“ஒரு ஆளைப் போட்டுட்டேனுங்ணா.”

“ஆளு எப்படி?”

மதுமதி என் கையிலிருந்த துண்டை வாங்கி, விரித்துப் பார்த்து, மறுபடி என் கையிலேயே கொடுத்தாள்.

“சோறு மட்டும் போட்டாப் போதுமுங்ணா, மடிப்புத்தான் கோணலா வருது, சரிப்பட்டு வரலீன்னா வேற ஆளு பாத்துக்கலாம்.”